ரீசெல்லருக்கான ‘புதிய வசதிகள்’: நட்டம் யார் பக்கம், சாவி யார் கையில்?

சில மாதங்களாக ஒரு சின்ன ஆய்வு மாதிரி இதைச் செய்துகொண்டிருந்தேன். மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஸோஹோ வொர்க்பிளேஸ் ஆகிய மூன்று கிளவுட் ஆபீஸ் மென்பொருள்களும் தங்கள் ரீசெல்லர்களுக்காக, அதாவது மறுவிற்பனையாளர்களுக்காக, வைத்திருக்கும் ஏற்பாடுகளையும் கொண்டுவந்த மாற்றங்களையும் வரிசையாக எழுதிக்கொண்டேன். பிறகு ஒவ்வொன்றும் செஞ்சி மாதிரி ஓர் ஊருக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்று பார்த்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

செஞ்சிக்கும் கிளவுடுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கு. திண்டிவனம் சாலையில் ஒரு அரிசி ஆலை, திருவண்ணாமலை சாலையில் ஒரு பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நர்சிங் ஹோம், கோட்டை பார்க்க வருகிறவர்களை நம்பி நடக்கும் லாட்ஜ்கள். 2025 ஜூலையில் மராத்தியக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சிக் கோட்டையையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு, லாட்ஜ்காரர்களுக்கு “சொந்தப் பேரில் ஒரு மெயில் ஐடி வேணும்” என்ற ஆசை இன்னும் கூடியிருக்கிறது. இவர்களில் யாரும் மைக்ரோசாஃப்ட் வலைத்தளத்துக்குப் போய்க் கிரெடிட் கார்டு எண் கொடுத்து வாங்குகிறவர்கள் கிடையாது. டேலி போட்டுக் கொடுத்தவர், சிசிடிவி மாட்டியவர், பிரிண்டர் மக்கர் பண்ணினால் ஓடி வருகிறவர் யாரோ, அவர்தான் மெயிலும் விற்கிறார். ரூபாயில் பில் வேண்டும், ஜி.எஸ்.டி. எண் வேண்டும், ஒரு மாதம் கடன் வேண்டும், போன் அடித்தால் தமிழில் பதில் வேண்டும். இந்த நான்கும் அவரிடம் கிடைக்கிறது. மேகத்துக்கும் நம்ம ஊருக்கும் நடுவில் நிற்கிற அந்த ஒற்றை ஆள்தான் இந்தக் கட்டுரையின் நாயகன்.

சங்கிலி எப்படிப் போகிறது?

மேலே நிறுவனம். அதற்குக் கீழே பெரிய டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குக் கீழே நம்ம ஆள். கடைசியில் வாடிக்கையாளர். கூகுள் தன் ரீசெல்லர் திட்டத்தை 2009 ஜனவரியில் தொடங்கியது. ஆபீஸ் 365 வந்தது 2011 ஜூனில். சி.எஸ்.பி. எனப்படும் கிளவுட் சொல்யூஷன் புரொவைடர் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் 2014இல் அறிவித்தது. நம்ம ஊர்ப்பக்க நிறுவனமான ஸோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் பிறந்தது. 2005இல் ஸோஹோ ரைட்டரை வெளியிட்டது. 2009இல் பெயரையே ஸோஹோ என்று மாற்றிக்கொண்டது.

பெட்டியில் மென்பொருள் விற்ற காலத்தில் ரீசெல்லர் ஒரு சரக்கு வியாபாரி. சி.டி.யை வாங்கினார், விற்றார், கணக்கு முடிந்தது. கிளவுடில் சரக்கு என்று எதுவும் இல்லை. மாதாமாதம், வருடா வருடம் ஓடுகிற சந்தா இருக்கிறது. அந்தச் சந்தாவுக்கு யாரோ ஜாமீன் நிற்க வேண்டியிருக்கிறது. கூடவே, வாடிக்கையாளரின் மொத்த அலுவலகத்தையும் திறக்கக்கூடிய அட்மின் பாஸ்வேர்டு இருக்கிறது. அதை யாரோ வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

அதனால் எந்தப் புதிய வசதியை அறிவித்தாலும் நான் இரண்டே கேள்வி கேட்கிறேன். வாடிக்கையாளர் நடுவில் விலகினால் நட்டம் யார் பக்கம் விழுகிறது? சாவி யார் கையில் இருக்கிறது? நிறுவனங்களின் விளம்பரப் பக்கங்களில் இந்த இரண்டுக்கும் பதில் இருக்காது. ஒப்பந்தப் பக்கங்களில் இருக்கும்.

பத்து மாதக் கணக்கு

முதலில் மைக்ரோசாஃப்ட். 2022 ஜனவரியில் சந்தா விற்பனையை ‘நியூ காமர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற புது முறைக்கு மாற்றத் தொடங்கினார்கள். அதே மார்ச்சில் விலையும் ஏறியது. பிசினஸ் பேசிக் திட்டத்தின் அமெரிக்கப் பட்டியல் விலை ஆளுக்கு மாதம் 5 டாலரிலிருந்து 6 டாலர் ஆனது. விலை ஏறியதைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது ஒப்பந்தக் காலம்.

புது முறையில் ஓராண்டு ஒப்பந்தம் போட்டால் ஒரு விலை. மாதாமாதம் புதுப்பிக்கிற ஒப்பந்தம் என்றால் 20 சதவீதம் அதிகம். ஓராண்டு ஒப்பந்தம் போட்டபின் மனம் மாறினால் ரத்து செய்ய ஆரம்பத்தில் 72 மணி நேரம் கொடுத்தார்கள். பிறகு அது 7 நாள் ஆனது. அது முடிந்துவிட்டால் வருடம் முடியும்வரை ஆட்களைக் கூட்டலாம், குறைக்க முடியாது.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு ஆளுக்கான ஆண்டு ஒப்பந்தத்தின் மாத விலையை 1 என்று வைத்தால், ஆண்டுக்கு 12. மாத ஒப்பந்தத்தில் மாதத்துக்கு 1.2. பன்னிரண்டை 1.2ஆல் வகுத்தால் 10. ஆக, ஒரு ஆள் வருடத்தில் 10 மாதத்துக்குக் குறைவாக வேலை செய்கிறார் என்றால் மாத ஒப்பந்தமே மலிவு. 2025 ஏப்ரல் முதல் ஆண்டு ஒப்பந்தம் போட்டு மாதத் தவணையில் பணம் கட்டுகிறவர்களுக்கு 5 சதவீதம் கூட்டினார்கள். அவர்களுக்கு அந்தக் கோடு பத்தரை மாதம்.

செஞ்சி வியாபாரம் பருவத்தைப் பார்த்து நடக்கிற வியாபாரம். பொங்கலுக்குப் பிறகு சம்பா நெல் வந்து மார்க்கெட் கமிட்டியில் மூட்டை அடுக்க இடமில்லாத நாட்களும் உண்டு; வெறிச்சோடிக் கிடக்கிற மாதங்களும் உண்டு. ஆலையில் நாலு மாதத்துக்கு மட்டும் கூடுதலாக இரண்டு கணக்கர்கள் உட்காருவார்கள். அந்த இருவருக்கும் மாத ஒப்பந்தத்தில் ஆளுக்கு 4.8 ஆகும், ஆண்டு ஒப்பந்தம் என்றால் 12. விவரம் தெரிந்த ரீசெல்லர் இதைச் சொல்லி விற்பார்.

ஆனால் சந்தை அவரைச் சும்மா விடாது. “பக்கத்துக் கடையில 20 பெர்சன்ட் கம்மியா சொல்றாங்களே தம்பி” என்பார் முதலாளி. பக்கத்துக் கடைக்காரர் ஆண்டு ஒப்பந்த விலையைச் சொல்லி, பணத்தை மாதாமாதம் வாங்கிக்கொள்கிறேன் என்று வாய் வார்த்தையாக ஏற்றுக்கொண்டிருப்பார். ஜாக்கிரதையாக இருக்கிறவர் வியாபாரத்தை இழக்கிறார். துணிந்தவர் வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டு, கூடவே ஒரு வெடியையும் மடியில் கட்டிக்கொள்கிறார்.

அது என்ன வெடி? வாடிக்கையாளர் மூன்றாம் மாதம் கடையை மூடிவிட்டுப் போனாலும், மீதி ஒன்பது மாதப் பணத்தை ரீசெல்லர் மேலே கட்டியாக வேண்டும். அந்த லைசென்ஸ்களை வேறொரு வாடிக்கையாளருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது.

எண்களை வைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். ஒரு ரீசெல்லருக்குப் பத்து வாடிக்கையாளர், ஒவ்வொருவரிடமும் பத்து ஆட்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் 100 ரூபாய் விற்பனை. அதில் அவருக்கு நிற்பது 10 ரூபாய் என்று கொள்வோம். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஒரே ஒரு வாடிக்கையாளர் மூன்றாம் மாத முடிவில் போய்விட்டால், 10 ஆட்கள், 9 மாதம், ஆளுக்கு 90 ரூபாய்: மொத்தம் 8,100 ரூபாய் இவர் தலையில். மிச்சமிருக்கிற 90 ஆட்களிடம் மாதம் கிடைக்கிற லாபம் 900 ரூபாய். பத்தில் ஒருவர் ஓடிப்போனதற்கு மற்ற ஒன்பது பேரிடம் ஒன்பது மாதம் உழைத்ததெல்லாம் போய்விடும். லாபம் 15 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் ஐந்தரை மாதத்துக்கு மேல் ஆகும்.

இதோடு ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பில் போட்டால் 18 சதவீதம் கணக்கில் வந்துவிடும். வாடிக்கையாளர் பணம் கொடுத்தாரா, நாளைக்கு வாங்க என்றாரா என்பதை வரித்துறை கேட்காது.

மைக்ரோசாஃப்ட் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ஒப்பந்தக் காலம் முழுக்க விலை ஏறாது என்ற உறுதி வாடிக்கையாளருக்குக் கிடைக்கிறது. நீண்ட காலம் இருப்பேன் என்று வாக்குக் கொடுப்பவருக்கு விலையைக் குறைப்பது உலகத்தில் எல்லா வியாபாரத்திலும் உள்ளதுதான். என் எதிர்ப்பு அதன் மேல் கிடையாது. வாக்குக் கொடுப்பவர் வாடிக்கையாளர். தள்ளுபடியை அனுபவிப்பவரும் அவர்தான். வாக்குத் தவறினால் தண்டம் கட்டுபவர் மட்டும் ரீசெல்லர். இந்த ஏற்பாட்டை ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்று அழைப்பது கொஞ்சம் துணிச்சல்தான்.

ஆயிரம் டாலர் வாசல்

2025 அக்டோபர் 1 முதல் இன்னொரு விதியும் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக விற்கிற சிறு ரீசெல்லரும், முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 1,000 டாலர் வியாபாரம் காட்ட வேண்டும். நிறுவனத்திடம் நேரடியாக பில் வாங்கி விற்பவர்களுக்கு அந்த அளவு 10 லட்சம் டாலர்.

ஆயிரம் டாலர் பெரிய தொகை இல்லையே என்று தோன்றும். மேலே சொன்ன 6 டாலர் விலையில் ஒரு ஆளுக்கு வருடம் 72 டாலர். 14 ஆட்கள் இருந்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடலாம். இந்தியாவில் விலை அதைவிடக் குறைவு என்பதால் இன்னும் கூடுதலான ஆட்கள் தேவை. சென்னைக்காரருக்கு இது தூசு. செஞ்சியில் சிசிடிவியையும் யு.பி.எஸ்.ஸையும் விற்றுக்கொண்டு, நாலைந்து கடைகளுக்கு மட்டும் மெயில் பார்த்துக்கொள்கிறவருக்கு இது நிஜமான வாசல்படி.

பேருக்கு ரீசெல்லராகப் பதிந்து வைத்திருக்கிறவர்களைக் களையெடுக்க இந்த விதி உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் தாண்ட முடியாதவர் என்ன செய்வார்? பெரிய ஊர்க்காரர் ஒருவரின் கீழே துணை ஆளாகப் போவார். சங்கிலியில் ஒரு கண்ணி கூடும். லாபத்தில் ஒரு பங்கு குறையும். வாடிக்கையாளருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. போன் அடித்தால் அதே ஆள்தான் எடுப்பார். ஆனால் அவர் கையில் இருந்த அதிகாரம் விழுப்புரத்துக்கோ புதுச்சேரிக்கோ போயிருக்கும்.

பாராட்ட வேண்டிய ஒன்று

அதே மைக்ரோசாஃப்ட் செய்த ஒரு மாற்றத்தை மனமாரப் பாராட்டுகிறேன். முன்பெல்லாம் ரீசெல்லராக ஒருவரை ஏற்றுக்கொண்டால், அவருடைய அட்மின் ஊழியர்களுக்கு வாடிக்கையாளரின் கணக்கில் ‘குளோபல் அட்மின்’ அளவுக்கு அதிகாரம் போய்விடும். பத்து வாடிக்கையாளர் இருந்தால் பத்து வீட்டுக்கும் ஒரே சாவிக் கொத்து.

அந்தக் கொத்தை யாராவது திருடினால்? அதுதான் நடந்தது. சோலார்விண்ட்ஸ் தாக்குதலுக்குப் பின்னால் இருந்த நோபிலியம் என்ற குழு, 2021இல் ரீசெல்லர்களையே குறிவைத்தது. 140க்கும் மேற்பட்ட ரீசெல்லர்களையும் சேவை நிறுவனங்களையும் எச்சரித்ததாகவும், அவர்களில் 14 பேர் வரை ஊடுருவப்பட்டிருக்கலாம் என்றும் அந்த அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது.

கோட்டைக்காரனான எனக்கு இது ரொம்பப் பழக்கமான கதை. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சியைச் சுற்றி வளைத்து உட்கார்ந்திருந்தது. எட்டு வருடம். அதே மலைகள், அதே மதில்கள் இருந்த அந்தக் கோட்டை 1750இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையிடம் ஒரே இரவில் விழுந்தது. மதில் எவ்வளவு உயரம் என்பதோடு கணக்கு முடிவதில்லை. வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

2022இல் வந்த புதிய முறையின் பெயர் ஜி.டி.ஏ.பி. அதிகாரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். பாஸ்வேர்டு மாற்ற மட்டும் ஒருவருக்கு, பில் பார்க்க மட்டும் இன்னொருவருக்கு. அதிகபட்சம் 730 நாள்; அதற்குப் பிறகு காலாவதி. தானாக ஆறு ஆறு மாதம் நீட்டிக்கிற வசதி உண்டு. ஆனால் குளோபல் அட்மின் அதிகாரம் கேட்டு வாங்கியிருந்தால் அந்த வசதி கிடையாது, மறுபடியும் வாடிக்கையாளரிடம் போய்த்தான் கேட்க வேண்டும். ஒரு பொறியாளனாகச் சொல்கிறேன், இது நல்ல வடிவமைப்பு.

ஆனால் செஞ்சிக்கு வந்ததும் இதில் ஓர் ஓட்டை விழுகிறது. இந்த அதிகாரத்தை வாடிக்கையாளரின் குளோபல் அட்மின் ஒரு இணைப்பைத் திறந்து ஏற்றுக்கொள்ள வேண்டும். அரிசி ஆலையின் குளோபல் அட்மின் யார்? கணக்கைத் தொடங்கிக் கொடுத்த அதே ரீசெல்லர் தம்பிதான். பாஸ்வேர்டு அவருடைய டைரியில் இருக்கிறது. ஆக, அவரே கேட்டு, அவரே அனுமதி கொடுத்துக்கொள்கிறார். வாடிக்கையாளரிடம் சொந்தமாக ஒரு ஐ.டி. ஆள் இருப்பார் என்று நினைத்துக் கட்டிய பூட்டு இது. ஆள் இல்லாத வீட்டில் பூட்டு வேலை செய்யாது.

கூகுளும் ஸோஹோவும்

கூகுளில் எனக்குப் பிடித்தது டிரான்ஸ்ஃபர் டோக்கன். ஒரு ரீசெல்லரிடமிருந்து இன்னொருவரிடம் போக வேண்டுமென்றால், வாடிக்கையாளர் தன் அட்மின் கணக்கிலிருந்து ஒரு டோக்கன் எடுத்துப் புது ஆளிடம் கொடுத்தால் போதும். பழைய ஆளிடம் கெஞ்ச வேண்டாம். ஃப்ளெக்ஸிபிள் திட்டத்தில் ஆட்களை எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம். விலைதான் ஆண்டுத் திட்டத்தைவிட அதிகம். பருவ வியாபாரத்துக்கு இது பொருந்தும். இங்கேயும் அதே ஓட்டைதான்: டோக்கன் எடுக்கிற அட்மின் கணக்கு முதலாளியிடம் இருக்க வேண்டுமே!

கூகுளின் குணம் வேறு இடத்தில் தெரியும். இலவசப் பதிப்பில் புதியவர்களைச் சேர்ப்பதை 2012 டிசம்பரில் நிறுத்தினார்கள். ஏற்கனவே இருந்தவர்களும் பணம் கட்ட வேண்டும் என்று 2022 ஜனவரியில் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர்கள் இலவசமாகவே தொடரலாம் என்று சில மாதத்தில் இறங்கி வந்தார்கள். 2025 ஜனவரியில், அதுவரை தனியாக விற்ற ஜெமினி வசதிகளைப் பிசினஸ் திட்டங்களுக்குள் சேர்த்து விலையைக் கூட்டினார்கள். பிசினஸ் ஸ்டாண்டர்ட் ஆண்டுத் திட்டத்தின் அமெரிக்க விலை 12 டாலரிலிருந்து 14 டாலர் ஆனது. ஏ.ஐ. வேண்டாம், பழைய விலையே போதும் என்று சொல்லும் வழியைத் தரவில்லை. இந்த முடிவுகள் எல்லாம் எங்கோ எடுக்கப்படுகின்றன. முதலாளிக்கு எதிரே நின்று “ஏன் ஏத்தினீங்க?” என்ற கேள்விக்குப் பதில் சொல்வது நம்ம தம்பி.

மைக்ரோசாஃப்ட் கோபைலட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2023 நவம்பரில் 30 டாலருக்கு வந்தபோது குறைந்தது 300 பேருக்கு வாங்க வேண்டும் என்றார்கள். 2024 ஜனவரியில் அந்த வரம்பை எடுத்து, சி.எஸ்.பி. ரீசெல்லர்களும் விற்கலாம் என்று திறந்தார்கள். ஆறு டாலர் மெயிலையே பேரம் பேசி வாங்குகிற இடத்தில், அதைப்போல் ஐந்து மடங்கு விலையுள்ள ஒன்றை விற்கும் உரிமை கிடைத்ததைப் பெரிய வசதியாக என்னால் எண்ண முடியவில்லை.

ஸோஹோ பற்றி எழுதும்போது ஊர்ப்பாசத்தைக் கொஞ்சம் ஓரமாக வைக்க வேண்டியிருக்கிறது. தென்காசியில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதும் நிறுவனம் என்ற பெருமை எனக்கும் உண்டு. மத்திய அரசின் சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மின்னஞ்சல் ஸோஹோ தளத்துக்கு மாறியதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தபோது சந்தோஷப்பட்டேன். ஐந்து பேர் வரைக்கும் இலவச மெயில் என்பது செஞ்சியின் பாதிக் கடைகளுக்குப் போதும். ஒருவருக்கு மெயில் மட்டும், இன்னொருவருக்கு முழு வொர்க்பிளேஸ் என்று கலந்து வாங்கவும் முடியும். அது மைக்ரோசாஃப்டிலும் முடியும்.

ஆனால் ரீசெல்லர் பக்கம் நின்று பார்த்தால் இன்னொரு முகம் தெரிகிறது. விலை குறைந்தால் சதவீதத்தில் கிடைக்கும் கமிஷனும் குறையும். ஐந்து பேர் கடை இலவசமாகப் போனால் கமிஷன் பூஜ்யம். வேலை மட்டும் அதே வேலை. அந்த வேலைக்குத் தனியாகக் கூலி கேட்கும் பழக்கம் நம்ம ஊரில் இன்னும் வரவில்லை. சுதேசி என்பதால் மட்டும் இந்தக் கணக்கு மாறாது. சாவி யார் கையில் என்ற கேள்வியும் ஸோஹோவுக்கு அப்படியே பொருந்தும்.

சங்கிலி மேலிருந்தே அறுந்தால்

2025 ஜூலையில் குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் சேவைகளை நிறுத்தியது. ரஷ்யத் தொடர்புள்ள நிறுவனம் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடைதான் காரணம். பணம் கட்டிய சேவை இது என்று நயாரா டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களில் சேவை திரும்பி வந்தது. இடையில் ரீடிஃப் மின்னஞ்சலுக்கு மாறி அவர்கள் வேலையை ஓட்டியதாகச் செய்திகள் வந்தன.

நயாராவுக்கு உயர் நீதிமன்றம் போக வக்கீல்கள் இருந்தார்கள். நர்சிங் ஹோமுக்கு அப்படி யாரும் கிடையாது. ரீசெல்லர்தான் வக்கீல், அவர்தான் தீயணைப்பு வண்டி. அவரும் கடையை மூடிவிட்டால், அல்லது ஆயிரம் டாலர் வாசலில் தடுக்கிவிழுந்தால், அந்த நர்சிங் ஹோமின் பத்து வருட மெயில்களுக்குப் போகும் வழி யாருக்கும் தெரியாமல் போகும்.

பட்டியலில் வராத வேலை

மூன்று நிறுவனங்களின் பட்டியலிலும் நான் தேடிக் காணாதது ஒன்று உண்டு. ரீசெல்லர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பது. ஒரு பள்ளிக்கூடத்தைக் கிளவுடுக்கு மாற்றுவது என்றால் மெயிலை மாற்றுவது மட்டும் கிடையாது. பதினைந்து வருடச் சுற்றறிக்கைகள் வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத பிரவுசரில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். தேடினால் ஒரு தமிழ்ச் சொல்லும் கிடைக்காது. தமிழக அரசு யுனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010இல்; அலுவலக அலமாரிக்கு அந்த ஆணை இன்னும் போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு கோப்பாக யுனிகோடுக்கு மாற்றி, எழுத்துப் பிசகு பார்த்து, பிறகுதான் ஏற்ற வேண்டும். தலைமை ஆசிரியருக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்க வேண்டும். இதற்கெல்லாம் எந்தத் திட்டத்திலும் ஊக்கத்தொகை இல்லை. எத்தனை லைசென்ஸ் விற்றாய் என்ற ஒரே எண்ணைத்தான் மேலே பார்க்கிறார்கள்.

எனக்குக் கேட்க உரிமை கொடுத்தால் நான்கைக் கேட்பேன். வாடிக்கையாளர் தொழிலையே மூடிவிட்டார் என்று நிரூபித்தால் மீதிக் காலத்தின் நட்டத்தை நிறுவனமும் டிஸ்ட்ரிபியூட்டரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வருடத்தில் சில மாதம் ஒரு ஆளை நிறுத்தி வைக்கும் பருவ லைசென்ஸ் வேண்டும். புதுப்பிக்கும் தேதி, விலை மாற்றம், ரத்து செய்யும் கடைசி நாள் ஆகியவை வாடிக்கையாளருக்கு நேரடியாகத் தமிழில் போக வேண்டும். நிறுவனத்தின் உரிமையாளரையே முதல் அட்மினாகப் பதியாமல் எந்த ரீசெல்லரும் கணக்குத் தொடங்க முடியாதபடி செய்ய வேண்டும். நான்கில் எதற்கும் புதிதாக ஒரு தொழில்நுட்பம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

என் தீர்ப்பு இது. சாவி விஷயத்தில் மூவரில் அதிகம் யோசித்தது மைக்ரோசாஃப்ட். நட்டத்தைக் கீழே தள்ளுவதிலும் அவர்களே முதலிடம். வெளியேறும் வழியைத் திறந்து வைத்ததில் கூகுள் நல்ல பெயர் வாங்குகிறது. விலை விஷயத்தில் அவர்களை நம்பி ஐந்து வருடத் திட்டம் போட முடியாது. சின்னக் கடைக்கு ஸோஹோ மலிவு. அந்தச் சின்னக் கடையைக் கவனிக்கிற ரீசெல்லருக்குச் சோறு எங்கிருந்து வரும் என்பதற்கு அங்கே பதில் இல்லை.

நிறுவனங்கள் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கிறவர்களில் கடை, ஆலை, பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் இருந்தால் நாளைக்கே உங்கள் ரீசெல்லரைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்து நான்கு விஷயம் கேளுங்கள். டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? குளோபல் அட்மின் அல்லது சூப்பர் அட்மின் கணக்கு ஒன்று என் பெயரில், என் போன் எண்ணோடு இருக்கிறதா? ஒப்பந்தம் மாதமா, வருடமா, எந்தத் தேதியில் முடிகிறது? என் மெயில்களின் ஒரு பிரதி இந்தக் கட்டிடத்துக்குள் எங்காவது இருக்கிறதா? நல்ல ரீசெல்லர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். டைரியில் இருக்கிற பாஸ்வேர்டின் பாரம் அவருக்கும் உண்டு. கேட்டு முடித்ததும், வருட ஒப்பந்தம் என்றால் வருடப் பணத்தை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். உங்களுக்காக அவர் ஜாமீன் நிற்கிறார்.